கறுப்பு என்றால் நியூட்ரல்

கள்ளக்குறிச்சியில் வீடுகளுக்கு ஒயரிங் செய்வது என் தொழில். முகூர்த்த நாட்களிலும் திருவிழாக் காலத்திலும் ஒரு ஆர்கெஸ்ட்ராவில் கிட்டார் வாசிக்கிறேன். இப்படி எழுதிவிடுவது சுலபமாக இருக்கிறது. நேரில் யாராவது கேட்டால் "கச்சேரிக்குப் போவேன்" என்று மட்டும்தான் சொல்வேன். சாமான் தூக்கப் போகிறவன் என்று நினைத்துக்கொள்வார்கள். நானும் திருத்த மாட்டேன்.

நாலு பேர் கூடிய இடத்தில் எனக்கு வாய் வராது. பத்தாவதோடு படிப்பு நின்றதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை, படிக்கும்போதும் அப்படித்தான். மேடையில் மட்டும் எனக்கு அந்தக் கஷ்டம் கிடையாது. கையில் கிட்டார் இருந்தால் யாரும் என்னிடம் எதையும் கேட்பதில்லை. ஐந்நூறு பேர் முன்னால் நான் நிம்மதியாக நிற்கிற ஒரே இடம் அதுதான். அந்த இடம் போய்விடும் என்ற நிலை வந்தபோதுதான் இதெல்லாம் நடந்தது.

திருநாவலூரில் ஒரு கல்யாண ரிசப்ஷனில் வாசித்துவிட்டு சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தோம். குழுவை நடத்துகிறவர் கீபோர்டு வாசிப்பவர். என்னைவிடப் பத்து வயது சின்னவர் என்றாலும் எல்லோருக்கும் அவர் மாஸ்டர். அவர் என்னை அண்ணா என்றுதான் கூப்பிடுவார். திட்டும்போதும் அந்த மரியாதையை விடமாட்டார், அதுதான் இன்னும் வலிக்கும்.

"ண்ணா, உங்க கிட்டாரு பாடுதோ இல்லியோ, கொசு மட்டும் நல்லா பாடுது" என்றார்.

ரிதம் பேட் வாசிப்பவர் ஒயர் சுற்றிக்கொண்டே, "மாஸ்டர், அதுக்கும் தனியா ஒரு மைக் வெச்சிடலாமா?" என்றார். பாடகர் உட்பட எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

"சிரிக்காதீங்கண்ணா, நெசமாதான் சொல்றேன். ஜனங்க காதுல உங்க வாசிப்பே விழல, அந்த ஙொய்யின்ற சத்தந்தான் விழுது. கரியாலூர்ல ஒரு காதுகுத்து ஒத்துக்கினு இருக்கேன். அங்கயும் இப்படியே இருந்துச்சின்னா கிட்டாரு சவுண்ட நானே கீபோர்டுல போட்டுக்கறேன். கோச்சிக்காதீங்க."

ஏன் அப்படிக் கேட்கிறது என்று எனக்குத் தெரியும். அவருக்கு விளக்கியும் இருக்கலாம். ஆனால் தலையை ஆட்டிவிட்டு கிட்டாரை உறையில் போட்டேன்.

எலெக்ட்ரிக் கிட்டாரில் கம்பிகளுக்கு அடியில் பிக்கப் என்று ஒன்று இருக்கும். காந்தத்தைச் சுற்றி, தலைமுடியைவிட மெல்லிய செம்புக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்று சுற்றியிருப்பார்கள். மேலே கம்பி அதிர்ந்தால் அந்தக் காயிலில் கொஞ்சம் கரண்ட் உண்டாகும், அதுதான் ஸ்பீக்கருக்குப் போகிறது. என் கிட்டாரில் இருந்தது சிங்கிள் காயில், அதாவது ஒரே சுருள். சீரியல் லைட், டியூப் லைட், ஜெனரேட்டர் என்று பக்கத்தில் எது ஓடினாலும் அதன் இரைச்சலையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும். ஹம்பக்கர் என்பது பக்கத்தில் பக்கத்தில் இரண்டு சுருள் வைத்தது. ஒன்று இழுக்கிற இரைச்சலை இன்னொன்று அடித்துவிடும். கம்பியின் சத்தம் மட்டும் இரண்டு மடங்கு சேர்ந்து வரும். அதிலும் சுற்று அதிகமாகச் சுற்றிய சூடான ரகம் என்று ஒன்று உண்டு. சத்தம் பளீரென்று இருக்கும். போனில் வீடியோ பார்த்துப் பார்த்து அந்த ரகத்தில் ஒன்றை வரவழைத்தேன்.

பார்சலைப் பிரித்ததும் என் மனைவி எட்டிப் பார்த்தாள்.

"இத்தினியூண்டுதானா? நா குக்கர் கேஸ்கட்டுன்னு இல்ல நெனச்சேன்?"

"கிட்டாருக்கு."

"அதுக்கு இதுக்கு மின்ன இன்னா கொறச்சலு? நல்லாத்தான கத்திக்கினு இருந்துச்சி?"

பெட்டிக்குள் நாலாக மடித்த ஒரு தாளும் இருந்தது. இங்கிலீஷில் பொடி எழுத்து. விரித்துப் பார்த்துவிட்டு மடித்து வைத்தேன். ஒயரிங் வேலையில் எனக்கு இருபது வருடமாகிறது, எந்த ஒயர் எங்கே போகும் என்று ஒரு தாள் சொல்ல வேண்டுமா என்று இருந்தது. அந்த நினைப்பைத்தான் பிறகு பல நாள் நொந்துகொண்டேன்.

முதலில் ஹம்பக்கர் உள்ளே உட்கார இடமில்லை. ஒற்றைச் சுருள் பிக்கப் வெண்டைக்காய் அளவுதான். இது தீப்பெட்டியைவிடப் பெரியது. மேலே இருக்கிற பிளாஸ்டிக் தகட்டை ஆக்ஸா பிளேடாலும் அரத்தாலும் நானே அறுத்துவிட்டேன். தகட்டுக்கு அடியில் மரம் இருக்கிறதே, அதைக் குடைய வேண்டும். நான் சுவரைத்தான் குடைந்து பழகியவன். சுவரில் கோணலாக வெட்டினால் சிமெண்ட் பூசி மறைத்துவிடலாம்.

மரச்சிற்பம் செய்கிற ஒருவரின் பட்டறைக்கு ஒருமுறை மீட்டர் பெட்டி மாற்றிக்கொடுத்திருக்கிறேன். கிட்டாரை எடுத்துக்கொண்டு அங்கே போனேன். பாதி முடிந்த பிள்ளையார் ஒன்று அவர் மடிக்கு முன்னால் கிடந்தது. கிட்டாரை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நான் கோடு போட்டுக்கொண்டு போன இடத்தில் உளியை வைத்து ஒரு சீவல் எடுத்து முகர்ந்து பார்த்தார்.

"இன்னா மரங்க இது?"

"தெரியலைங்க."

"வாசனையே இல்லியே. மேல வார்னிஷ்தான் மினுமினுன்னு இருக்குது, உள்ள ஒண்ணும் இல்ல."

ஹம்பக்கரைக் கையில் வாங்கி நாலு பக்கமும் திருப்பினார். "இது உள்ள ஒக்காரணும், அவ்ளோதான? காத்துகூடப் பூராத மாதிரி ஒக்கார வெச்சிடறேன்."

அந்தப் பேச்சில்தான் தப்பு இருந்தது. பிக்கப்பைச் சுற்றி கொஞ்சம் இடம் விடவேண்டும். இரண்டு ஓரத்திலும் இருக்கிற திருகாணியைத் திருப்பினால் அது மேலும் கீழும் போகவேண்டும், கம்பிக்குப் பக்கமாகவோ தள்ளியோ வைக்கவேண்டும். "கொஞ்சம் லூசா இருக்கட்டுங்க" என்று சொல்லத்தான் போனேன். அவர் அதற்குள் உளியைத் தட்ட ஆரம்பித்துவிட்டார். சிலைக்கு இடுக்கே தெரியாமல் கை ஒட்டுகிறவரிடம் இடைவெளி விடச் சொன்னால் திட்டின மாதிரி ஆகிவிடுமோ என்று எனக்கு ஒரு கூச்சம்.

டீ குடித்துவிட்டு வந்தேன். குழி வெட்டி முடித்திருந்தார். பொன்னை அளந்து வெட்டின மாதிரி நாலு மூலையும் இருந்தது.

"சும்மா குழி மட்டும் வெட்டறதுக்கு மனசு கேக்கல. ஓரத்துல ஒரு கொடி வுட்டுக்கினு இருக்கேன், பாருங்க."

பார்த்தேன். குழியைச் சுற்றி இலையும் மொட்டுமாக ஒரு கொடி ஓடியது. அழகாகத்தான் இருந்தது. "அது மேல தகடு வந்து மூடிக்கும், வெளிய தெரியாதுங்க" என்று சொன்னேன். எனக்கே கேட்காத குரலில் சொன்னேன் போலிருக்கிறது, அவர் இன்னொரு இலை செதுக்கினார்.

வீட்டுக்கு வந்து ஹம்பக்கரைக் குழியில் வைத்து அழுத்தினேன். கச்சிதமாக உள்ளே போய் உட்கார்ந்தது, பிறகு அசையவில்லை. திருகாணியைத் திருப்பினால் திருகாணிதான் சுற்றியது. ஸ்க்ரூ டிரைவரால் நெம்பி வெளியே எடுப்பதற்குள் விரலில் இரண்டு இடம் கிழிந்தது. அப்புறம் இரண்டு நாள் மாலையில் உட்கார்ந்து உப்புத்தாளால் குழியின் உள்பக்கத்தைத் தேய்த்தேன். கொடியில் பாதி இலை போய்விட்டது. அவர் செய்த நல்ல வேலையை நானே தேய்த்து அழிக்கிறேனே என்று ஒரு பக்கம், வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இது எதற்கு என்று ஒரு பக்கம், எரிச்சலாக வந்தது.

கடைசியில் ஒயர். ஹம்பக்கரிலிருந்து நாலு நிற ஒயர் வந்தது: சிவப்பு, கறுப்பு, பச்சை, வெள்ளை. கூடவே மூடாத ஒரு வெற்றுக் கம்பி. இதில் யோசிக்க என்ன இருக்கிறது? சிவப்பு ஃபேஸ். கறுப்பு நியூட்ரல். பச்சை எர்த். இந்த ஊரில் நான் ஒயரிங் செய்த எந்த வீட்டின் சுவிட்சைக் கழற்றினாலும் அப்படித்தான் இருக்கும். சிவப்பை வால்யூம் கன்ட்ரோலில் சத்தம் போகிற முனையில் பற்றவைத்தேன். கறுப்பையும் பச்சையையும் வெற்றுக் கம்பியையும் சேர்த்து கிரவுண்டில், அதாவது கிட்டாரின் எர்த் முனையில் வைத்தேன். வெள்ளை மிச்சமிருந்தது. மிச்ச ஒயருக்கு என்ன செய்வோமோ அதையே செய்தேன், நுனியில் டேப் சுற்றி உள்ளே தள்ளினேன்.

வீட்டில் இருக்கிற சின்ன ஆம்ப்ளிஃபையரில் போட்டு ஒரு தட்டு தட்டினேன். சத்தம் வந்தது. முன்னைவிடப் பெரியதாக வந்த மாதிரி இருந்தது. உண்மையைச் சொன்னால், பெரியதாக வரவேண்டும் என்று நினைத்துக்கொண்டே கேட்டேன். லேசான இரைச்சலும் இருந்தது. சமையலறையில் மிக்ஸி ஓடியது, அதனால்தான் என்று முடிவு செய்துகொண்டேன். மிக்ஸி நின்ற பிறகும் இரைச்சல் நிற்கவில்லை. ஃபிரிட்ஜாக இருக்கும் என்று நினைத்தேன்.

"மின்னயவிட சத்தமா இருக்குதா?" என்று மனைவியைக் கேட்டேன்.

"மின்ன மாதிரிதான் இருக்குது" என்றாள்.

அவளுக்கு இதெல்லாம் தெரியாது என்று நினைத்துக்கொண்டேன்.

காதுகுத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை. விடிந்ததும் வேனில் கிளம்பி, கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏறினோம். மலைக்குக் கீழே உள்ள ஊர்க்காரக் குடும்பம், அவர்கள் குலதெய்வம் கரியாலூர்ப் பக்கம் ஒரு கோயிலில் இருக்கிறது, அங்கேதான் விழா. ஷாமியானா போட்டு, கொடிக்கம்பத்துக்கும் பலாமரத்துக்கும் சீரியல் லைட் இழுத்திருந்தார்கள். பட்டப்பகலில் அது எதற்கு என்று தெரியவில்லை, ஆனால் எல்லா பல்பும் எரிந்தது. மேடைக்குப் பின்னால் பத்தடியில் ஜெனரேட்டர்.

கிட்டாரை இணைத்து வால்யூமைத் திருப்பினேன். ஙொய்ய்ய்.

அதே கொசு, அதே சுருதியில். ஒயரைப் பிடுங்கி மறுபடி சொருகினேன். இரண்டடி தள்ளி நின்றேன். ஜெனரேட்டர் பக்கம் முதுகைக் காட்டினால் கொஞ்சம் குறைந்தது. அப்படியென்றால் ஜனங்களுக்குப் பக்கவாட்டில் நின்று வாசிக்க வேண்டும். மாஸ்டர் கீபோர்டிலிருந்து தலையைத் தூக்கி ஒருமுறை என்னைப் பார்த்தார்.

மூன்றாவது பாட்டு கிட்டாரில்தான் ஆரம்பிக்கும். நான் வாசித்தது எனக்கே டப்பாவுக்குள் கேட்கிற மாதிரி கேட்டது. இரண்டாவது வரியில் மாஸ்டர் கீபோர்டில் கிட்டார் சத்தத்தைப் போட்டு அதையே வாசிக்க ஆரம்பித்தார். வாசித்துக்கொண்டே, கீழே மிக்ஸர் வைத்திருந்த மைக்செட்காரரைப் பார்த்து இரண்டு விரலைக் கீழே இறக்கிக் காட்டினார். இரைச்சல் நின்றது. அதோடு நானும் நின்றுவிட்டேன்.

கை மட்டும் நிற்கவில்லை. இன்னும் பதினோரு பாட்டு இருந்தது. பதினோரு பாட்டுக்கும் சத்தம் வராத கிட்டாரை ஒழுங்காக, தப்பில்லாமல் வாசித்தேன். மேடையிலிருந்து இறங்கிப் போகவும் எனக்குத் தைரியமில்லை. முன்வரிசையில் ஒருவர் என்னைத்தான் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார்.

கிடாக்கறிச் சாப்பாடு. கடைசி வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டேன். கை கழுவுகிற இடத்தில் மாஸ்டர் வந்து தோளில் கை போட்டார்.

"ண்ணா, அடுத்த மாசம் ரெண்டு ப்ரோகிராமு இருக்குது. நா ஃபோன் பண்றேன், ஃபோன் பண்ணா மட்டும் வாங்க. வீணா உங்க வேலய வுட்டுட்டு வந்துக்கினு இருக்காதீங்க."

"சரிங்க மாஸ்டர்" என்றேன்.

போன் வரவில்லை. ஒரு வாரம் பார்த்தேன், இன்னொரு வாரமும் பார்த்தேன். வேலை நடக்கிற வீட்டில் ஏணி மேல் நிற்கும்போது பாக்கெட்டில் போன் அடித்தால் அவசரமாக இறங்குவேன். சிமெண்ட் மூட்டை வந்துவிட்டதா என்று மேஸ்திரி கேட்பார். எனக்கு ஹம்பக்கர் விற்றவர்கள் மேல் கோபம் கோபமாக வந்தது. வீடியோவில் அப்படிக் கத்தியது, இங்கே முனகுகிறது. ஏமாற்றிவிட்டார்கள் என்று நினைத்து நினைத்து தூக்கம் கெட்டது.

"அத்தயே நெனச்சிக்கினு ஏன் மூஞ்ச தூக்கி வெச்சிக்கினு இருக்கீங்க? திருப்பி அனுப்பிடுங்க" என்றாள் மனைவி.

திருப்பி அனுப்ப பெட்டி வேண்டும், வந்த தாளும் உள்ளே இருக்கவேண்டும் என்று வாங்கின சைட்டில் போட்டிருந்தது. பெட்டியைப் பீரோவுக்கு மேலிருந்து இறக்கினேன். தாள் ஒழுங்காக மடிக்கவில்லை என்று விரித்தேன். விரித்த பக்கத்தில் ஒரு படம். இரண்டு சுருள், அதிலிருந்து நாலு கோடு, நாலு நிறம். கறுப்புக் கோட்டின் முனையில் ஹாட் என்று எழுதியிருந்தது. நாங்கள் ஃபேஸ் என்று சொல்வதைத்தான் அப்படி எழுதியிருந்தார்கள்.

கறுப்பு ஃபேஸாம். பச்சை கிரவுண்ட். சிவப்பையும் வெள்ளையையும் ஒன்றாக முறுக்கிப் பற்றவைத்து எதிலும் படாமல் டேப் சுற்றவேண்டும். இரண்டு சுருளையும் சேர்க்கிற முடிச்சு அதுதான்.

படத்தில் விரலை வைத்து ஒவ்வொரு கோடாகப் பார்த்தேன். சிவப்புக்கும் பச்சைக்கும் நடுவில் இருப்பது ஒரு சுருள். நான் அதற்கு மட்டும்தான் உயிர் கொடுத்திருக்கிறேன். இன்னொரு சுருளின் ஒரு முனை கிரவுண்டில், மறுமுனை என் டேப்புக்குள். ஒயர் சோதிக்கிற மல்ட்டிமீட்டரை எடுத்து வைத்துப் பார்த்தேன். தாளில் பதினாறு கிலோ ஓம் என்று போட்டிருந்தது. மீட்டர் எட்டைத் தொடவில்லை. ஏறக்குறைய பாதி. தகட்டை வெட்டி, மரத்தைக் குடைந்து, கொடியை அழித்து, விரலைக் கிழித்துக்கொண்டு, கடைசியில் ஒற்றைச் சுருளைக் கழற்றிவிட்டு இன்னொரு ஒற்றைச் சுருளை மாட்டியிருக்கிறேன்.

விற்றவர்கள் மேல் இருந்த கோபத்தை இனி எங்கே வைப்பது? அது என் மேல் வந்தது. மீட்டர் வீட்டிலேயே இருந்தது. தாள் பெட்டியிலேயே இருந்தது. முதல் நாளே ஒரு நிமிடம் பார்த்திருந்தால் போதும். ஒயரிங் வேலை செய்யாத ஒருவன் மாட்டியிருந்தால் தாளைப் பார்த்துச் சரியாக மாட்டியிருப்பான். கறுப்பு என்றால் நியூட்ரல் என்று என் கைக்குத் தெரியும், கை என்னைக் கேட்கவே இல்லை.

மாற்றிப் பற்றவைக்கப் பத்து நிமிடம் ஆனது. கம்பியை மாட்டி, ஆம்ப்ளிஃபையரைப் போட்டு, வால்யூமைத் திருப்பினேன். ஒரு சத்தமும் இல்லை. இரைச்சல் இல்லாததால் ஆம்ப்ளிஃபையரே ஓடவில்லை என்று நினைத்து சுவிட்சைப் பார்த்தேன். பிறகு ஒரு தட்டு தட்டினேன். அலமாரியில் இருந்த எவர்சில்வர் தட்டுகள் கிணுகிணுத்தன.

"யப்பா! இன்னா அது?" என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது.

இப்போது மாஸ்டருக்குச் சொல்லவேண்டும். போனை எடுத்து நம்பரைப் போட்டு, ஒரு ரிங் போனதும் கட் செய்தேன். இரண்டாவது முறையும் அப்படியே செய்தேன். என் வீட்டுக்காரி பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"மிஸ்டு கால் குடுத்தா கிட்டாரு சத்தம் கேக்குமா அவருக்கு? நேர்ல போங்க."

கூப்பிடாத இடத்துக்கு நான் போனதே கிடையாது. ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு மாடி அறையில் நடக்கும். ஷேர் ஆட்டோவில் போகும்போது என்ன பேசுவது என்று வரிசையாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். படியேறும்போதே உள்ளே பாட்டு கேட்டது. கிட்டார் வருகிற இடத்தை கீபோர்டு வாசித்தது. கீழே இறங்கிவிடலாமா என்று இருந்தது. கிட்டார் உறை படிக்கட்டுச் சுவரில் இடித்து டொம் என்று சத்தம் வந்தது. கதவு திறந்துவிட்டது.

"வாங்கண்ணா" என்றார் மாஸ்டர். "நா ஃபோன் பண்ணலியே?"

சொல்லிப் பார்த்ததெல்லாம் போய்விட்டது. "ஒயர மாத்தி வெச்சிட்டேங்க" என்றேன்.

"யார் வூட்டுலண்ணா? ஷாக் கீக் அடிச்சிடுச்சா?" என்றார் பேட் வாசிப்பவர்.

"கிட்டார்ல."

யாரும் எதுவும் சொல்வதற்குள் உட்கார்ந்து கிட்டாரை எடுத்து இணைத்தேன். இதைவிட்டால் எனக்கு வேறு பேச்சு தெரியாது. வால்யூமைத் திருப்பினேன். மாஸ்டர் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தார்.

"ஆன்லதான் இருக்குதா?"

வாசித்தேன். மாஸ்டர் கீபோர்டிலிருந்து கையை வெடுக்கென்று எடுத்தார். பேட்காரர் காதைப் பொத்தினார். "ஜாஸ்தி, ஜாஸ்தி! கம்மி பண்ணுண்ணா, கீழ கடைக்காரன் வந்துடப் போறான்!"

கம்மி செய்தேன். மாஸ்டர் எழுந்து வந்து கிட்டாரைக் குனிந்து பார்த்தார். அங்கே பார்க்க ஒன்றுமில்லை, கோணலாக அறுத்த பிளாஸ்டிக் தகடும் அதில் ஒரு கறுப்புச் செவ்வகமும்தான். நல்லா இருக்கிறது என்றோ, இதை முன்னாடியே செய்திருக்கக் கூடாதா என்றோ ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் போய் உட்கார்ந்து, "கரியாலூர்ல மூணாவதா வாசிச்சது" என்று மட்டும் சொல்லிவிட்டு, ஒன், டூ, த்ரீ, ஃபோர் எண்ணினார்.

முதல் இரண்டு வரி போயிற்று. இடையிசை வந்தது. அந்த இடத்தை இரண்டு வருடமாக அவர்தான் கீபோர்டில் வாசிப்பார், நான் அடியில் தாளம் போடுவேன். என் கை வழக்கம்போல் தாளம் போட்டது. மேலே ஒன்றும் வரவில்லை. கீபோர்டு நின்றுபோனதோ என்று நிமிர்ந்து பார்த்தேன். மாஸ்டர் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். பேட் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. எனக்காக விட்ட இடம் என்று புரிவதற்குள் நாலு எண்ணிக்கை போய்விட்டது. அவசரமாக உள்ளே நுழைந்து தப்பான இடத்தில் விரல் வைத்தேன். அந்தத் தப்பும் அறை முழுக்கப் பளீரென்று கேட்டது.

"ண்ணா! தூங்கினு இருக்கீங்களா?" என்று கத்தினார் மாஸ்டர். "நா யாருக்கு வுட்டுட்டு ஒக்காந்துக்கினு இருக்கேன்? மொதல்லேர்ந்து!"

மறுபடி எண்ண ஆரம்பித்தார். நான் விரலைச் சரியான இடத்தில் வைத்துக்கொண்டேன்.